கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்: காரைக்குடிப் பழம்பொருள் தெருவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

காரைக்குடியில் ஆட்டோ ஏறி "முனீஸ்வரன் கோயில் தெரு" என்றால், "பழைய சாமான் பார்க்கவா?" என்றுதான் பதில் கேள்வி வரும். தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் சேர்ந்து பல பேர் நடத்தும் ஒரே பெரிய கடை மாதிரிதான். ஒருவரிடம் தேக்குத் தூண்கள், அடுத்தவரிடம் பித்தளை, அதற்கடுத்தவரிடம் கண்ணாடிக் குடுவையும் கடிகாரமும். சில கடைகள் வெளியே பார்க்க ஒற்றை அறை. பின்கட்டுக்குப் போனால் கொட்டகைக்குப் பின்னால் கொட்டகையாக நீண்டுகொண்டே போகும். மூன்று ரூபாய்ப் பொத்தானும் மூன்று ஆள் தூக்க முடியாத நிலைக்கதவும் ஒரே கூரையின் கீழ் கிடக்கும்.

முதல் தடவை போனபோது நுழைந்த முதல் கடையிலேயே ஓர் அஞ்சறைப் பெட்டி வாங்கினேன். "நூறு வருஷத்துச் சாமான்" என்றார்கள், நம்பினேன். வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் அடிப்பலகை பிளைவுட் என்று தெரிந்தது. இந்தக் கதையை அடுத்த பயணத்தில் வேறொரு கடையில் சொன்னேன். அங்கே இருந்த பெரியவர் சிரிக்கவில்லை. "தம்பி, மொதல்ல கவுத்துப் பாருங்க. முன்பக்கத்தை யார் வேணா பழசாக்கலாம். அடிப்பக்கத்துல எவனும் மெனக்கெட மாட்டான்" என்றார். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியின் விரிவுரைதான்.

போவதற்கு முன்

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் காரைக்குடிக்கே வருகிறது. மதுரை, திருச்சி இரண்டிலிருந்தும் சுமார் 90 கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்கிக் காலையில் கடைக்குப் போவது நல்லது. கொட்டகைகளுக்குள் மதியத்துக்கு மேல் நிற்க முடியாது, அதுவும் சித்திரை வைகாசியில் வேண்டவே வேண்டாம்.

பையில் இவை இருக்கட்டும்: இஞ்ச் டேப், சின்னக் காந்தம், டார்ச், பழைய வேட்டி இரண்டு, ஈரத்துணி. வெள்ளைச் சட்டை போடாதீர்கள். மேசை, அலமாரி, கதவு என்று பெரிதாக ஏதாவது வாங்கும் எண்ணம் இருந்தால், வைக்கப்போகிற இடத்தின் அளவை மட்டும் எடுத்தால் போதாது. வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பர்மாத் தேக்கு அலமாரியை வாங்கிவிட்டு, இரண்டாம் மாடிக்கு ஏற்ற முடியாமல் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மாதம் போர்த்தி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்

இது கஷ்டம். ஆனாலும் செய்யுங்கள். தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை சும்மா பார்த்துக்கொண்டே போங்கள். ஒரே மாதிரிப் பொருள் நாலு கடையில் இருக்கும். நாலு விலை சொல்வார்கள். பிடித்ததைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், எந்தக் கடை என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு டீ குடித்துவிட்டுப் படங்களைப் புரட்டினால், இருபதில் மூன்றுதான் இன்னும் ஆசையாக இருக்கும். அந்த மூன்றுக்காக மட்டும் திரும்பிப் போங்கள்.

இந்தச் சுற்றில் இன்னொன்றும் புரியும். எல்லாமே வீட்டிலிருந்து வந்த பழசு இல்லை. பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை, பழைய மரத்தை அறுத்துப் புதிதாகக் கோத்தவை, வடக்கிலிருந்து லாரியில் வந்திறங்கியவை எல்லாம் கலந்து கிடக்கும். அதில் தப்பில்லை. புதியதைப் புதியது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கிற கடைகளும் இருக்கின்றன. "இது ஓல்டா, ரீ-மேக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கேட்காதவருக்குத்தான் நூறு வருஷம்.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயாவில் கொடுக்கல் வாங்கல் செய்து ஈட்டிய பணம்தான் செட்டிநாட்டு வீடுகளாக எழுந்தது. பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல், ஜப்பான் பீங்கான் என்று கப்பலில் வந்து சேர்ந்தது. பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது பித்தளை, வெண்கலம், மங்கு (பீங்கான்) என்று வகை வகையாக அடுக்கி வைப்பார்கள். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபின் அந்த வருமானம் அற்றுப்போனது. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர், ஆளுக்கொரு ஊரில். பராமரிக்க முடியாத வீடுகள் இடிபட, அவற்றின் தூணும் கதவும் அண்டாவும் இந்தத் தெருவுக்கு வந்தன.

அதனால்தான் இங்கே பாத்திரங்களில் எழுத்து இருக்கிறதா என்று நான் முதலில் தேடுவேன். உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். நகரத்தார் வீட்டுச் சாமானில் முதலில் விலாசம் வரும்; அவர்கள் வழக்கில் விலாசம் என்றால் முகவரி இல்லை, தலைமுறைகளின் முதலெழுத்துகள். என்னிடம் இருக்கும் தூக்குவாளியில் மூன்று விலாச எழுத்துகள், அப்புறம் 'மெ' என்று தொடங்கித் தேய்ந்துபோன ஒரு பெயர். மெய்யம்மையா, மெய்யப்பனா தெரியவில்லை. பிடியை ஒட்டிக் கைபடும் இடத்தில்தான் எழுத்து அதிகம் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்குத்தான் காசு கொடுத்தேன்.

எழுத்திலேயே இன்னொரு குறிப்பும் உண்டு. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முன் லை, ளை, னை, ணை நான்கும் யானைத் துதிக்கை போன்ற கொம்போடு எழுதப்பட்டன. றா, னா, ணா சுழித்து எழுதப்பட்டன. பாத்திரத்தில் அந்தப் பழைய வடிவம் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது, அல்லது அந்த எழுத்தைப் படித்து வளர்ந்தவர் கை. 'நூற்றாண்டுப் பழசு' என்று காட்டுகிற அண்டாவில் இன்றைய 'லை' இருந்தால், பெயர் மட்டும் பிற்பாடு வெட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பித்தளையும் வெண்கலமும்

இரண்டிலும் அடிப்படை செம்புதான். துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். விரல் கணுவால் தட்டுங்கள்: வெண்கலம் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். விரிசல் விழுந்திருந்தால் வெண்கலமும் கரகரக்கும்; அந்தச் சத்தம் கேட்டால் வைத்துவிடுங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு.

இப்போது கவிழ்த்துப் பாருங்கள். ஐம்பது வருஷம் புழங்கிய பாத்திரத்தின் அடியில் கீறல்கள் தாறுமாறாக, பல ஆழத்தில், பல திசையில் இருக்கும். பழசாக்கப்பட்டதில் உப்புத்தாள் போட்ட மாதிரி ஒரே சீராக இருக்கும். பச்சைக் களிம்பு மடிப்பிலும் மூலையிலும் மட்டும் இருப்பது இயல்பு. உடம்பு முழுக்கப் பூசினாற்போல் இருந்தால் திராவகத்தில் ஊறப்போட்டிருக்கலாம். கையால் அடித்துச் செய்த பழைய குடங்களில், இரண்டு தகடு சேரும் இடம் கோட்டைச் சுவர் மாதிரி பல் பல்லாகத் தெரியும். அதைத் தடவிப் பார்ப்பது ஒரு சுகம், விடுங்கள்.

பித்தளை வாங்கும்போது "எடைக்கா, பொருளுக்கா?" என்று கேட்டுவிடுங்கள். சாதாரணக் குடம், அண்டாவெல்லாம் பல கடைகளில் கிலோ கணக்கு. வேலைப்பாடு இருந்தால்தான் தனி விலை.

சமைக்கவே வாங்குகிறீர்களென்றால் உள்ளே வெள்ளீயம் பூசிக்கொள்ள வேண்டும். பூச்சில்லாத பித்தளையில் புளி, தயிர் எதுவும் ஆகாது. பழைய ஈயச்சொம்பைப் பார்த்ததும் ரசம் ஞாபகம் வரும், எனக்கும் வரும். ஆனால் அது சுத்த வெள்ளீயமா, விஷமான காரீயம் கலந்ததா என்பதைக் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. அலமாரியில் வையுங்கள், அடுப்பில் வேண்டாம். வெள்ளீயமே 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கண்ணெதிரே வழிந்துபோகும்.

படி, உழக்கு, ஆழாக்கு ஆகியவை சின்ன வீட்டுக்கும் சின்ன பட்ஜெட்டுக்கும் ஏற்றவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது 1956இல். அதற்கு முந்தைய அளவைகளில் சோதனை முத்திரைகள் குத்தியிருக்கும். விளிம்பையும் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தொகுப்பாக வாங்கினால் ஒன்றில் தண்ணீர் நிரப்பி அடுத்ததில் ஊற்றிக் கணக்குச் சரியா என்று பார்க்கலாம். கடைக்காரர்களுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும்.

மரச்சாமான்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நான் உள்பட. இழுப்பறையை முழுசாக வெளியே எடுங்கள். கவிழ்த்து அடிப்பலகை, பின்பலகை, உள்மூலை எல்லாம் பாருங்கள். பழைய வேலையில் உள்பக்கம் பாலிஷ் இருக்காது, இழைப்புளி ஓடிய அலை விரலுக்குத் தட்டுப்படும். திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால், அந்த வகை புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். ஒரு திருகாணி பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம். எல்லாமே அப்படி இருந்தால் பெட்டியும் அந்தக் காலத்ததில்லை.

அடுத்தது உளு. சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். பழைய மரத்தில் பழைய ஓட்டை இருக்கத்தான் செய்யும். தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி வெளிறிய தூள் புதிதாகக் கொட்டினால் உள்ளே பூச்சி இன்னும் விருந்து சாப்பிடுகிறது என்று அர்த்தம். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் கட்டிலுக்கும் அழைப்பு போகும்.

தூண் வாங்குகிறவர்கள் ஜோடியாக வாங்குங்கள், இரண்டின் உயரத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள். நிலைக்கதவில், மேலே கஜலட்சுமி செதுக்கிய பலகை மரமும் நிலை மரமும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு வீட்டு நிலையில் இன்னொரு வீட்டுப் பலகையை மாட்டி விற்பது சகஜம்.

பூட்டு வாங்கினால் சாவியோடுதான். "சாவி இருக்கு, தேடித் தரேன்" என்ற வாக்குறுதிக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்களே மூன்று தடவை பூட்டித் திறந்து பாருங்கள். மாங்காய்ப் பூட்டுகளில் சாவியை நுழைக்கும் விதத்திலேயே சூட்சுமம் இருக்கும். அதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருநாள் பூட்டிவிட்டு முழிப்பீர்கள்.

மங்கு, எனாமல், கண்ணாடி, படம்

பீங்கானின் அடியில் முத்திரை இருக்கும். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918க்கும் 1992க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் அந்தப் பேரில் நாடு இருந்ததே அப்போதுதான். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால் போர் முடிந்தபின் 1952 வரையிலான காலம். பழைய விளம்பரத் தகடுகளில் முகவரியைப் படியுங்கள்: ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இருக்க வழியில்லை. இந்த ஒரு குறிப்பு எனக்கு நிறையப் பணம் மிச்சப்படுத்தியிருக்கிறது.

எனாமல் தட்டு, தூக்கு எல்லாம் பார்க்க அழகு. விளிம்பு உடைந்து துரு ஏறியிருந்தால் விலை குறைய வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான பழைய பூச்சில் என்ன உலோகம் இருக்கிறது என்று தெரியாது என்பதால் நான் அதில் சாப்பிடுவதில்லை. வெற்றிலைத் தட்டாகவும் சாவி போடும் தட்டாகவும் வைத்திருக்கிறேன்.

ரவிவர்மா படம் என்று காட்டுவது ஓவியம் இல்லை, அச்சு. அவருடைய அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கிப் பிறகு லோனாவ்லா பக்கம் போனது. அந்தப் படங்களும், பின்னாளில் வேறு அச்சகங்கள் போட்டவையும், போன வருஷம் டிஜிட்டலில் எடுத்தவையும் ஒரே சட்டத்துக்குள் வரும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் செல்போனில் பெரிதாக்கிப் பாருங்கள். சீரான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் பின்னாளைய அச்சு. சரிகையும் ஜிகினாவும் ஒட்டிச் சேலை கட்டியிருந்தால் அது வீட்டுப் பெண்களின் கைவேலையாக இருக்கலாம். எனக்கு அவைதான் அசலைவிடப் பிடிக்கும். கண்ணாடி ஓவியமென்றால் சாய்த்துப் பாருங்கள், வண்ணம் கண்ணாடியின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். சட்டத்தைக் கவிழ்த்துப் பின்பலகையைப் பார்க்காமல் எந்தப் படத்துக்கும் விலை பேசாதீர்கள்.

விலை பேசுவது

பேரம் உண்டு, சண்டை வேண்டாம். சொன்ன விலையில் பாதி கேட்டால் பேச்சே முடிந்துவிடும். இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து எடுத்து வைத்துவிட்டு, "மொத்தமா எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். குறையைக் காட்டிப் பேசுங்கள், பொருளைக் கேவலமாகப் பேசாதீர்கள். என் தூக்குவாளிக்கு 1,800 சொன்னார்கள். மூடி வேறு வாளியுடையது என்று காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே 1,400க்குக் கொடுத்தார். மூடியை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் குறைப்பீர்களா என்று கேட்டதற்குக் கிடைத்த பார்வையை எழுத முடியாது.

இதை மட்டும் தொடாதீர்கள்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள். சுவடிக்கு 75 வருஷம். அவற்றை விற்கிறவருக்கு உரிமம் வேண்டும். பழைய சிற்பங்கள், ஓவியங்கள் போன்றவற்றை வைத்திருக்கிறவர் பதிவு செய்ய வேண்டும். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள், வாங்கும் பொருள் பழசு போலத் தோன்றினால், தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கியபின் அனுப்புங்கள். ஒரு பக்கம் "நூறு வருஷம்" என்று விற்றுவிட்டு, மறுபக்கம் "சும்மா எடுத்துட்டுப் போங்க சார்" என்பவரின் இரண்டு பேச்சில் ஒன்று நிச்சயம் பொய்.

கல் விக்கிரகம், ஐம்பொன் சிலை, கோயில் தேர்ச் சிற்பம் எதைக் காட்டினாலும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு தமிழ்நாட்டில் 1983 முதல் இருக்கிறது. சிலை எந்தக் கோயிலுடையது என்ற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. தந்தம் வேண்டவே வேண்டாம், தாத்தா காலத்துச் சீப்பாக இருந்தாலும். மான் கொம்பும் அப்படியே.

கைவேலை வேண்டுமென்றால்

பழசு என்ற தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி: மதியத்துக்கு மேல் பக்கத்திலிருக்கும் ஆத்தங்குடிக்குப் போங்கள். பூக்கல் என்கிற தரைக்கல் போடுவதை நேரில் பார்க்கலாம். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும்போது வண்ணங்கள் கலந்துவிடுமோ என்று நமக்குத்தான் பதறும். மேலே உலர்ந்த சிமெண்ட், மணல் தூவி, ஈரக் கலவை அடைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் கண்ணாடியை உரித்தால் பளபளப்பு வந்துவிடுகிறது. சூளையே கிடையாது. நாலு கல் வாங்கினால் சூடான பாத்திரம் வைக்க ஆகும். பனையோலைக் கொட்டானும் கண்டாங்கிச் சேலையும் காரைக்குடியிலேயே கிடைக்கும்.

பில், கட்டு, வீடு

பில் கேளுங்கள். பொருள் என்ன, எந்த மரம் அல்லது உலோகம், பழசா புதுசா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "பழசு" என்று வாயால் சொன்னவர் கையால் எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெரிய சாமானை லாரி பார்சலில் போட்டுவிடுவார்கள். கட்டுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், இறக்குகூலி யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசுங்கள். சின்னச் சாமானை அந்தப் பழைய வேட்டியில் சுற்றி உங்களோடே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பளபளக்கத் தேய்க்க வேண்டும் என்று கை அரிக்கும். பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டு ஒருதரம் மென்மையாகத் துலக்கினால் போதும். கடையில் இயந்திரத்தில் கொடுத்துப் பாலிஷ் போட்டால் வெட்டிய பெயரும் சேர்ந்து போய்விடும். மரத்தைத் தண்ணீரில் கழுவாதீர்கள். காய்ந்த துணியால் துடைத்து, ஒரு வாரம் நிழலில், மற்ற மரச்சாமான்களிலிருந்து தள்ளி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்திருங்கள். காலையில் தாளில் தூள் விழுந்திருக்கிறதா என்று பார்த்தபின் கூடத்துக்குக் கொண்டுவரலாம். என் பிளைவுட் அஞ்சறைப் பெட்டியிலிருந்து இதுவரை ஒரு துளிகூட விழுந்ததில்லை. அதில் இப்போது கடுகும் சீரகமும் இருக்கின்றன.